தண்ணீர் எங்கிருந்து வருகிறது? – கடலூர் மாவட்டத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் நாளிதழ்கள் தவறாது எடுத்தாளும் தொடர் ஒன்றுண்டு: இயற்கையின் சீற்றம். கடல் சீறியது என்கிறோம். ஆறு ஆவேசம் கொண்டது என்கிறோம். புயல் கோரத் தாண்டவம் ஆடியது என்கிறோம். மொழியின்மேல் பற்றுக்கொண்ட நாம் இத்தொடரைச் சற்று நிறுத்தி நோக்கவேண்டும். சீற்றம் என்பது மனமுள்ளவற்றின் குணம். கடலுக்கும் ஆற்றுக்கும் நம்மீது கோபம் கொள்ள எக்காரணமும் இல்லை. சினந்து வருபவரிடம் நாம் செய்யக்கூடியவை இரண்டுதான்: கெஞ்சலாம், அல்லது ஒளிந்துகொள்ளலாம். ஆகவே இயற்கை சீறுகிறது என்று சொல்லிப் பழகிய சமூகம், அடுத்த மழைக்கு முன் செய்யவேண்டிய வேலைகளைப் பற்றி எண்ணாமலிருப்பதில் வியப்பில்லை.

புயல் ஓர் இயற்கை நிகழ்வு. அது பேரிடராக மாறுவதற்கு வேறு இரண்டும் சேரவேண்டும். அதன் வழியில் மனிதர் குடியிருக்கவேண்டும். அவர்கள் அதைத் தாங்கும் நிலையில் இல்லாதிருக்கவேண்டும். முதலாவது நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் பெருமளவு நம் கையில் உள்ளவை. இந்த எளிய வேறுபாட்டை மனத்தில் கொண்டு, தமிழகத்தின் ஒரே ஒரு மாவட்டத்தை மட்டும் இங்கே பார்க்க விரும்புகிறோம். மாநிலம் முழுவதையும் பற்றிப் பேசினால் பேச்சு அறிவுரையாகிவிடும். மாவட்டம் என்றால் ஆற்றின் பெயரையும் ஏரியின் பெயரையும் சொல்லிப் பேச இயலும்.

நாம் எடுத்துக்கொள்வது கடலூர் மாவட்டம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993-ஆம் ஆண்டு விழுப்புரம் பிரிக்கப்பட்டபின் எஞ்சிய பகுதி இது. சுமார் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையைக் கொண்டது.

* * *

இம்மாவட்டத்தின் இடர்களைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: இங்கே வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வடக்கே தென்பெண்ணையாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே கெடிலம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருவது. நடுவே பரவனாறு, மாவட்டத்துக்குள்ளேயே பிறந்து, நெய்வேலிப் பகுதியின் நீரையும் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்படும் நீரையும் ஏந்தி வருவது. அதற்குத் தெற்கே வெள்ளாறும் மணிமுத்தாறும்; இவை சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைகளின் நீரைக் கொண்டுவருபவை. தெற்கு எல்லையாகக் கொள்ளிடம். காவிரியின் வெள்ளத்தை ஏற்றுக் கடலுக்குக் கொண்டுசெல்லும் பெரும் வடிகால். இவற்றோடு, சோழர் காலத்து வீராணம் ஏரி. அது நிரம்பினால் உபரி நீர் வெள்ளியங்கால் ஓடை வழியாகக் காட்டுமன்னார்கோவில், குமராட்சிப் பகுதிகளின் வயல்களைத் தேடி வரும்.

ஆக, கடலூர் மாவட்டம் பிற மாவட்டங்களின் மழையையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம். வானம் வெளிறிக் கிடக்கும் நாளில்கூட இங்கே வெள்ளம் வரலாம். 2018 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. கர்நாடகத்தில் பெய்த மழையால் மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியபோது, சிதம்பரம் வட்டத்தின் கொள்ளிடக் கரையோரத் திட்டுக் கிராமங்கள் சூழப்பட்டன. அந்த மக்களுக்கு உள்ளூர் மழை முன்னறிவிப்பு எவ்விதத்திலும் உதவியிருக்காது. அவர்கள் கேட்டிருக்கவேண்டிய செய்தி மேட்டூரிலிருந்தும் கீழணையிலிருந்தும் வருவது.

* * *

கடந்த இருபது ஆண்டுகளில் இம்மாவட்டம் கண்ட பேரிடர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையானவை. ஒன்றிலிருந்து கற்ற பாடம் அடுத்ததற்கு அப்படியே பொருந்தவில்லை. அவற்றை வரிசையாகப் பார்ப்பது நல்லது.

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது நம் நேரப்படி காலை சுமார் 6.29 மணி. அலை நம் கரையைத் தொடும்வரை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அவகாசம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்த நம்மிடம் எந்த அமைப்பும் இருக்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேர் மாண்டனர். 2005-இல் ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இம்மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. அலை ஆண் பெண் பார்த்து அடிப்பதில்லை. ஆண்கள் பலர் கடலில் இருந்தனர். ஆழ்கடலில் சுனாமி அலை படகைக் கவிழ்ப்பதில்லை. பெண்கள் கரையிலும் வீட்டிலும் இருந்தனர். பலருக்கு நீந்தத் தெரியாது. பிள்ளைகளைத் தேடி நின்றனர். யார் எங்கே இருக்கிறார், யாருக்கு என்ன தெரியும் என்பதே உயிரைத் தீர்மானித்தது.

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இம்முறை எச்சரிக்கை இருந்தது. ஆனால் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று, பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் விழுந்ததால் கிராமங்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் குடிநீர் இல்லை. நெல் மூழ்கினால் அடுத்த பட்டத்தில் நடலாம். பலாவை நட்டுக் காய்ப்பைப் பார்க்க ஆண்டுகள் பல ஆகும். ஒரு நாள் காற்று ஒரு தலைமுறையின் சேமிப்பைக் கொண்டுபோனது.

2015 நவம்பர். புயல் என்று பெயர் சூட்டப்படாத ஒரு தாழ்வு மண்டலம். நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பண்ருட்டி அருகே விசூர், பெரியகாட்டுப்பாளையம் பகுதியில் ஓடையில் வந்த திடீர் வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் அடித்துச் சென்றது. அவை கடலோர ஊர்களும் அல்ல, பேராற்றங்கரை ஊர்களும் அல்ல. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடையை யாரும் ஆறாக எண்ணுவதில்லை. அந்த அலட்சியத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

2020 டிசம்பர். புரெவிப் புயல் வலுவிழந்து இராமநாதபுரம் அருகே நின்றுகொண்டிருந்தது. புயல் அங்கே, நமக்கென்ன என்று இருந்த சிதம்பரத்தில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. நடராசர் கோவிலுக்குள் தண்ணீர் தேங்கி நின்ற படங்களை நாம் அனைவரும் கண்டோம்.

2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியபின் நகராமல் நின்றது. பின்னர் அதன் எச்சம் உள்நாட்டுக்குச் சென்று கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது. எச்சரிக்கை முறையாக விடுக்கப்பட்டதாக அரசுத் தரப்பும், போதிய அவகாசம் தரப்படவில்லை என எதிர்க்கட்சிகளும் வாதிட்டன.

* * *

அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைக் காட்டிலும், இரு தரப்பும் பேசாத ஒன்று நமக்கு முக்கியமாகப் படுகிறது. எச்சரிக்கை எந்த மொழியில் விடுக்கப்பட்டது?

“1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றம். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.” இத்தகைய அறிவிப்புகளை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே அந்த அளவு நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கும் மேல். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் பெண்ணையாற்றங்கரையில் கூரை வீட்டில் இருக்கும் ஒரு மூதாட்டிக்கு அதனால் என்ன தெரியும்? அவர் அறியவேண்டியது வேறு: இந்தத் தண்ணீர் நம் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும்? எத்தனை அடி நிற்கும்? முழங்காலா, கழுத்தா? எந்த வழியாக வெளியேறுவது? ஆட்டையும் மாட்டையும் எங்கே கட்டுவது?

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இப்படிப்பட்டதே. கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு, ஐந்தாம் எண் கூண்டு என்று வானொலிக் காலத்திலிருந்து கேட்டுவருகிறோம். எண் ஏற ஏற ஆபத்து என்று மட்டும் தெரியும். இக்குறிகள் கப்பல்களுக்கும் கலங்களுக்கும் உரியவை. 1, 2 தொலைவில் உள்ள காற்றழுத்தத்தைக் குறிப்பவை. 3, 4 துறைமுகத்தை எச்சரிப்பவை. 5 முதல் 7 வரை ஆபத்தையும், 8 முதல் 10 வரை பேராபத்தையும் குறிப்பவை. 5, 6, 7 ஆகியவற்றுக்குள் உள்ள வேறுபாடு பெரும்பாலும் புயல் துறைமுகத்தின் எப்பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதே. அதன் வலிமையைப் பற்றியதன்று. 11 என்பது தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான குறி. குடிசையில் இருப்பவருக்காக வகுக்கப்படாத ஒரு குறியீட்டை அவருக்கான எச்சரிக்கையாக நாம் நெடுங்காலம் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்திய வானிலைத் துறையின் முன்னறிவிப்பு இன்று முன்னெப்போதும் இல்லாத அளவு மேம்பட்டிருக்கிறது. ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அறிவியல் தன் பங்கைச் செய்திருக்கிறது. அந்த அறிவு ஆட்சியர் அலுவலகம்வரை வந்து சேர்கிறது. அங்கிருந்து தெருவுக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் அது தேய்ந்துபோகிறது. அதைப் பெயர்த்துச் சொல்லும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இது பொறியியல் குறைபாடன்று, மொழிக் குறைபாடு. ஆகையால்தான் இலக்கிய ஆர்வலர்களாகிய நாம் இதில் தலையிட உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

* * *

சட்டம் என்ன சொல்கிறது? 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரின் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கவேண்டும். மாவட்டத்துக்கென்று ஒரு திட்டம் எழுதப்படவேண்டும். எந்தெந்த இடம் எந்தெந்த இடருக்கு உள்ளாகும் என்பது அதில் குறிக்கப்படவேண்டும். அது ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படவேண்டும். கடலூரிலும் அத்தகைய திட்டம் உண்டு. தாழ்வான பகுதிகளின் பட்டியல் உண்டு. கடலோரத்தில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. அதிகாரிகள் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. பேரிடர் நாள்களில் உறங்காமல் உழைக்கும் வருவாய்த்துறை ஊழியர்களையும், மின்வாரியப் பணியாளர்களையும் நாம் அறிவோம்.

ஆனால் திட்டத்தில் தன் ஊரின் பெயர் இருப்பதை அந்த ஊர்மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்? தன் தெருவுக்கு ஒதுக்கப்பட்ட தங்குமிடம் எது என்று எத்தனை பேர் சொல்வார்கள்? திட்டம் எவரைக் காக்க எழுதப்பட்டதோ அவரால் வாசிக்கப்படாத நூலாக அது இருக்கிறது. வாசகர் இல்லாத நூலின் கதி என்ன என்பதை நாம் நன்கறிவோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தாழ்ந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது தற்செயலாக நேர்வதன்று. மேட்டு நிலம் ஊராகவும், பள்ளத்து நிலம் சேரியாகவும் அமைந்தது நம் வரலாறு. கிள்ளைப் பகுதியின் இருளர் குடியிருப்புகளும், ஆற்றுப் படுகையில் குடிசை போட்டவர்களும் அங்கே விரும்பிப் போனவர்கள் அல்லர். கடலூரில் உப்பனாற்றங்கரையை ஒட்டி இரசாயனத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. வெள்ளமோ கடல்நீரோ அங்கே புகுந்தால் விளைவது தண்ணீரின் தீங்கு மட்டுமாக இராது. ஒரே மழை எல்லார்மேலும் பெய்கிறது; ஒரே அளவில் எல்லாரையும் வருத்துவதில்லை. இதைக் கணக்கில் கொள்ளாத எந்தத் தயாரிப்பும், ஏற்கெனவே மேட்டில் இருப்பவரை இன்னும் சற்று மேட்டில் ஏற்றிவைப்பதாகவே முடியும்.

* * *

நம்பிக்கை தரும் சான்றுகள் இல்லாமல் இல்லை. சுனாமி நாளிலேயே அவை நமக்குக் கிடைத்தன.

கடலூருக்கு அருகே, புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்றொரு மீனவர் ஊர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் அமைத்திருந்தது; அன்றாடம் கடல் நிலையை ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் வழக்கம். அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். செய்தி மையத்துக்குச் சென்றது; ஒலிபெருக்கி முழங்கியது; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினர். படகுகளும் வீடுகளும் போயின, உயிர்கள் தப்பின. ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் அங்கே போதுமாயிருந்தன. ஒலிபெருக்கி பல ஊர்களில் இருக்கிறது, கோவில் திருவிழாவுக்கு. நல்லவாட்டில் அது தினமும் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது; ஆகவே அன்று அது பேசியபோது மக்கள் நம்பினார்கள்.

பரங்கிப்பேட்டைக்கு அருகே சாமியார்பேட்டை. சுனாமிக்கு முன்பே ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் அரசும் சேர்ந்து நடத்திய திட்டத்தின்கீழ் அங்கே ஊர்மக்கள் குழுக்களாகப் பிரிந்து மீட்புப் பணியிலும் முதலுதவியிலும் பயிற்சி பெற்றிருந்தனர். அங்கும் உயிர்கள் போயின. எனினும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் தண்ணீரில் இறங்கிப் பலரை மீட்டனர். அரசின் படகும் ஆம்புலன்சும் வந்து சேருவதற்கு முந்திய அந்த முதல் மணி நேரத்தில் ஊரே தனக்கு உதவியாக நின்றது. பரங்கிப்பேட்டை ஜமாத்தினர் சாதி சமயம் பாராது கடலோர மக்களுக்கு உணவும் இடமும் தந்ததையும் நன்றியோடு நினைக்கவேண்டும்.

மூன்றாவதாக ஓர் ஆய்வுச் செய்தி. பரங்கிப்பேட்டைக் கடலோரத்தில் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடுகள் உயிர்களைக் காத்தன என்று 2005-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பிச்சாவரத்தின் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம் என்பவையே வேறுபாட்டைப் பெருமளவு விளக்கிவிடுகின்றன என்றனர். காடுகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரம் நட்டுவிட்டோம், இனி அச்சமில்லை என்று இருந்துவிடக் கூடாது என்பதே இந்த விவாதம் நமக்குத் தருவது. தன் வீட்டுத் தரை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று தெரிந்து வைத்திருப்பவர், தெரியாதவரைவிடப் பாதுகாப்பானவர்.

* * *

இவற்றிலிருந்து நாம் முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். கடலூர் மாவட்டத்தின் ஒவ்வோர் ஊரும், முடிந்தால் ஒவ்வொரு தெருவும், தனக்கென ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொள்ளவேண்டும். ஒரே பக்கம், தமிழில், உள்ளூர்ப் பெயர்களோடு.

அதில் இருக்கவேண்டியவை: நம் ஊருக்குத் தண்ணீர் எந்தெந்த வழியாக வரும், எந்த அணை, எந்த ஏரி, எந்த ஓடை. முன்பு எந்த ஆண்டில் எதுவரை நின்றது. பள்ளிக்கூடத் திண்ணை வரையா, கோவில் படி வரையா. மேலே தண்ணீர் திறந்தால் நம்மை அடைய எத்தனை மணி நேரம். முதலில் முழுகும் தெரு எது, கடைசியில் முழுகும் தெரு எது. நடக்க இயலாதவர், கருவுற்றவர், தனித்து வாழும் முதியவர் எந்த வீட்டில். அவரைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு எவருடையது. தங்குமிடத்தின் சாவி யாரிடம். கால்நடைகளை ஓட்டவேண்டிய மேடு எது. மின்சாரம் இல்லாத நாளில் குடிநீர் எந்தக் கைப்பம்பில். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்தின் எண் 1070. இவ்வளவே.

இதை எழுத வல்லுநர் வேண்டியதில்லை. ஆனால் கேட்டு எழுதவேண்டும். தானே புயலின் காற்றுத் திசை ஒரு முந்திரி விவசாயிக்கு நினைவிருக்கும். 2015-இல் ஓடை எந்த இடத்தில் திசைமாறியது என்பது ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். கலிங்கு வழிந்தால் எந்த வயலில் முதலில் ஏறும் என்பதை மடைக்காரர் சொல்வார். கடலின் நிறமாற்றத்தைக் குப்பத்துப் பெரியவர் அறிவார். இந்த அறிவு எந்தக் கோப்பிலும் இல்லை, அவர்களோடு போய்விடும். ஊரின் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் நூலக வாசகர் வட்டங்களும் இதைத் தொகுக்கலாம். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடலுயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நாட்டுப்புறப் பாடலும் பழமொழியும் சேகரிக்க ஊர் ஊராகச் சென்ற நம்மவர்க்கு இது புதிய வேலையன்று.

எழுதிய பக்கத்தை எங்கே வாசிப்பது? கிராம சபையில். அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் சபை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் வருகிறது. இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அன்று அப்பக்கத்தை உரக்க வாசித்து, மாறியவற்றைத் திருத்தி, ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டிவிடலாம். சட்டம் ஆட்சியரிடம் கேட்கும் ஆண்டு மீளாய்வை ஊர் தன்னளவில் செய்துகொண்டதாகும். வெள்ளம் நின்ற உயரத்தைக் கம்பத்திலோ கல்லிலோ கோடிட்டுக் குறித்து ஆண்டைப் பொறித்து வைக்கலாம். சப்பானின் அனெயோசி என்னும் சிற்றூரில், 1933-இன் சுனாமிக்குப் பின், இதற்குக் கீழே வீடு கட்டாதீர் என்று முன்னோர் கல் நட்டுச் சென்றனர். சொற்படி மேலே குடியிருந்ததால் 2011-இல் அவ்வூர் வீடுகளை அலை எட்டவில்லை. கோவிலுக்கு விட்ட ஆட்டையும் விளக்கெரிக்கத் தந்த நெய்யையும் கல்லில் வெட்டி வைத்த மரபு நம்முடையது. வெள்ளத்துக்கு ஒரு கல் நடுவது நமக்கு அரிதா?

* * *

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். இதெல்லாம் அரசின் கடமை, மக்கள் தலையில் ஏன் சுமத்துகிறீர் என்று கேட்கலாம். அரசின் கடமை குறையவே கூடாது. ஏரிகளைத் தூர்வாருவதும், கரைகளைப் பலப்படுத்துவதும், ஆற்றுப் படுகையில் குடியிருப்போர்க்குப் பிழைப்புக்கு அருகிலேயே மாற்றிடம் தருவதும், அணை நீரை முன்கூட்டியே அளந்து வெளியேற்றுவதும் அரசால் மட்டுமே இயலும். ஆனால் தன் ஊரின் நீர்வழியை எழுதி வைத்திருக்கும் மக்களால்தான் அக்கடமையைப் பெயர் சொல்லிக் கேட்க முடியும். “எங்களுக்கு உதவுங்கள்” என்னும் மனுவை எளிதாக ஒதுக்கிவிடலாம். “இந்த ஓடையின் இந்தப் பாலத்தடியில் நீர் வடியாததால் இந்த ஆண்டுகளில் இத்தனை வீடுகள் மூழ்கின” என்னும் மனுவை ஒதுக்குவது கடினம்.

இன்னொரு மறுப்பு: நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது. நம் சமூகம் நிவாரணத்தில் தாராளமானது. வெள்ளம் வந்தபின் அரிசியும் போர்வையும் பாலும் லாரிகளில் வருவதைக் கண்டிருக்கிறோம். அந்த ஈரம் போற்றத்தக்கது. ஆனால் வெள்ளம் வருமுன் ஓர் ஊரின் வடிகாலைத் தூர்வார நூறு பேரைத் திரட்டிப் பாருங்கள், கடினம் தெரியும். நிவாரணத்துக்குப் படமும் செய்தியும் உண்டு. தயாரிப்பு வெற்றிபெற்றால் எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றை எவரும் படமெடுப்பதில்லை.

இறுதியாக நம் இலக்கியத்திலிருந்து ஒன்றை நினைவூட்டுகிறோம். கொள்ளிடத்துக்குத் தெற்கே, கடலூர் மாவட்ட எல்லையிலிருந்து நெடுந்தொலைவு இல்லாத காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. மகனை இழந்து கலங்கிய சோழ மன்னன் ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய இந்திர விழாவை மறந்தான். அதனால் நகரைக் கடல் விழுங்கியது என்பது காப்பியம் சொல்லும் காரணம். தெய்வக் கோபம் என்று அதை வாசிப்பவர் வாசிக்கட்டும். நாம் அதில் மறதி என்னும் சொல்லைக் காண்கிறோம். ஆண்டுக்கொரு முறை ஊர்கூடிச் செய்யவேண்டிய ஒன்றை ஊர் மறந்தது, கடல் வந்தது.

கடலூர் மாவட்டம் கடலின் கரையிலும் ஆறுகளின் கடைசியிலும் அமைந்திருப்பதை நாம் மாற்ற இயலாது. அடுத்த புயலின் பெயரைக்கூட ஏற்கெனவே பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு முன்னேற்பாடாகப் பெயர் வைக்கத் தெரிந்த நாம், அது வரும் நாளில் பக்கத்து வீட்டு மூதாட்டியை யார் தூக்கிச் செல்வது என்பதையும் முன்னரே முடிவு செய்து வைப்போம். இதை வாசிப்போரில் கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதியினர் இருப்பின், வரும் அக்டோபருக்கு முன் தத்தம் ஊருக்கான அந்த ஒரு பக்கத்தை எழுதத் தொடங்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். பிற மாவட்டத்தாரும் எழுதலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி எல்லா ஊர்க்கும் பொதுவானது. விடைதான் ஊருக்கு ஊர் வேறு.